கணவரின் பழைய பாக்கிக்கு என் ரீஃபண்டா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம், சேர்ந்தே டாக்ஸ் ஃபைல் செய்தோம். வரவேண்டிய 4,200 டாலர் ரீஃபண்டில் ஒரு டாலர்கூட வரவில்லை. என் கணவர் முதல் திருமணத்துக் குழந்தைக்குக் கட்டவேண்டிய சைல்டு சப்போர்ட் பாக்கியில் கழித்துவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. அதில் என் சம்பளத்தில் பிடித்த பணமும் இருக்கிறதே, திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் பங்கு கிடைக்கும். பாக்கி உங்கள் பெயரில் இல்லை, உங்கள் சம்பளத்திலும் வரி பிடித்திருக்கிறார்கள். ஆகவே வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு 8379 படிவத்தை அனுப்புங்கள். 'இன்ஜுர்டு ஸ்பவுஸ்' படிவம் என்றால் டாக்ஸ் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அடிபட்டது பர்ஸ்தான், பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 8857 என்று இன்னொன்று உண்டு. அது கணவர் வருமானத்தை மறைத்ததால் வந்த வரி மனைவி தலையிலும் விழும்போது கேட்பது. உங்களுக்கு அது வேண்டாம்.

சரி, எவ்வளவு வரும்? பாதிக்குப் பாதி, 2,100 என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. ஆபீஸில் வருஷா வருஷம் சம்பளமும் பிடித்த வரியும் போட்டுத் தரும் டபிள்யூ-2 தாளை, இருவருடையதையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 2-ஆம் கட்டத்தில் இருப்பதுதான் பிடித்த ஃபெடரல் வரி. பேச்சுக்கு, உங்களுடையதில் 11,000, அவருடையதில் 5,200. இருவருக்கும் சேர்த்து வரி 12,000. அதில் உங்கள் வருமானத்துக்கு உரியது 8,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் 3,000 கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்குத் திரும்புவது அந்த 3,000. மீதி 1,200 அவர் பங்கு, பாக்கிக்குப் போனது போனதுதான். வருமானத்தையும் கழிவுகளையும் யார் யாருக்கு எவ்வளவு என்று நீங்கள் பிரித்துக் காட்டினால் போதும், கடைசிக் கணக்கை அவர்களே போடுவார்கள்.

டெக்சஸ், கலிஃபோர்னியா உட்பட 9 மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பின் வரும் சம்பளம் பொதுவாக இருவருக்கும் சொந்தம். அங்கே பங்கு வேறு மாதிரி வரும். டாலஸுக்கு மாறும் யோசனை இருந்தால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஃபைல் செய்து முடித்துவிட்டதால் படிவத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். பெயர்கள் ரிட்டர்னில் இருந்த அதே வரிசையில் இருக்கட்டும், உங்கள் பெயருக்கு உரிய கட்டத்தில் டிக் போடுங்கள். இருவரின் டபிள்யூ-2 நகல்களும், வட்டி போன்ற மற்ற வருமானத்துக்கு வரும் 1099 தாளில் வரி பிடித்திருந்தால் அதன் நகலும் கட்டாயம். ரிட்டர்ன் நகல் வேண்டாம். சுமார் 8 வாரம் ஆகும்.

பாக்கி தீரும்வரை ஒவ்வொரு வருஷமும் இதே வேலைதான், ஒருமுறை கொடுத்தது அடுத்த வருஷத்துக்குச் செல்லாது. அடுத்த தடவை ரிட்டர்னோடு சேர்த்தே ஈ-ஃபைல் செய்துவிடுங்கள். ரீஃபண்ட் வர 11 வாரம் ஆகலாம். தனித்தனியாக ஃபைல் செய்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சில வரிச் சலுகைகள் கைவிட்டுப் போகும். நானாக இருந்தால் முதலில் ஆபீஸில், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்பதற்குக் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்துவேன். சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்காவிட்டால் ரீஃபண்டும் சின்னதாகத்தானே இருக்கும்? அதற்காக ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். ஏப்ரலில் கையிலிருந்து கட்டவேண்டி வரும், அபராதமும் சேரலாம்.