நருட்டோ அனிமேயில் 150-ஆம் எபிசோடில் நின்றுவிட்டவருக்கு

நிறுத்த வேண்டாம். நேராக 220-க்குத் தாவுங்கள், அது முடிந்ததும் அதன் தொடர்ச்சியான ஷிப்பூடன்.

நருட்டோவின் நண்பன் சாசுகே ஊரை விட்டுப் போன பிறகு கதை நகரவே இல்லை என்கிறீர்கள். நகராது. 136 முதல் 219 வரை பெரும்பாலும் மங்காவில், அதாவது மூலச் சித்திரக்கதையில், இல்லாத ஃபில்லர்தான், இடத்தை நிரப்பச் சேர்த்த கதைகள். வாராவாரம் ஓடிய அனிமே மங்காவை எட்டிப் பிடித்துவிட்டது. மங்காவின் ஆசிரியர் கிஷிமோட்டோ மேலே எழுதும்வரை நாளைக் கடத்தியாக வேண்டும். அதனால் முக்கியமான யாரும் சாகக் கூடாது, சாசுகேவும் கையில் சிக்கக் கூடாது. நருட்டோவும் சாசுகேவும் போட்ட பள்ளத்தாக்குச் சண்டை நெஞ்சில் ஏற்றி வைத்த கனமெல்லாம் சில்லறை வேலைகளில் கரைந்து போகிறது.

சந்தேகமென்றால் 135-ஐயும் 220-ஐயும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். எங்காவது புரியாமல் போகிறதா?

ஒன்று, ஃபில்லர் என்றாலே குப்பை இல்லை. ஆசிரியர் கக்காஷியின் முகமூடிக்குள் என்ன இருக்கிறதென்று அவருடைய மாணவர்கள் மூன்று பேரும் பின்னாலேயே அலையும் 101 எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஷிப்பூடனிலும் ஃபில்லர் ஏராளம். ஃபில்லர் எபிசோடுகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே பாருங்கள்.