சட்டமும் பொருளியலும் ஒரே பட்டத்தில்: எதைப் பார்த்துச் சேரலாம்?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறேன். சட்டமும் பொருளியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம் படிக்க ஆசை. பின்னாளில் வழக்கறிஞராக முடியுமா? கணக்கில் நான் சுமார்தான்.

பதில்: முதலில் வழக்கறிஞர் விஷயம். பட்டத்தின் பெயரில் 'சட்டம்' இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் தொழில் செய்ய நினைக்கும் நாட்டில் வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று பாருங்கள். சில பட்டங்களில் பொருளியலுக்கு இடம் விடுவதற்காகக் கட்டாயச் சட்டப் பாடங்கள் ஒன்றிரண்டைக் குறைத்திருப்பார்கள். அப்படியானால் படித்து முடித்த பிறகு தனியாக இன்னொரு சட்டப் படிப்பு தேவைப்படலாம். கல்லூரியின் கையேட்டை மட்டும் நம்பாமல் அந்த அமைப்பிடமே கேட்டுவிடுங்கள்.

சரி, இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் என்ன கிடைக்கும்? லண்டனில் 1879இல் தீர்ப்பான ஒரு வழக்கைச் சொல்கிறேன். இனிப்பு தயாரிப்பவரின் இடிக்கும் இயந்திரச் சத்தத்தில் பக்கத்து மருத்துவரால் நோயாளிகளைப் பார்க்க முடியவில்லை. மருத்துவர் வென்றார். யாருக்கு உரிமை என்பது சட்ட மாணவரின் கேள்வி. 1960இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் இதே வழக்கை வேறு விதமாகப் பார்த்தார். தீர்ப்புக்குப் பிறகு இருவரும் செலவில்லாமல் பேரம் பேச முடிந்தால்? இயந்திரத்தால் வரும் லாபம் மருத்துவரின் நஷ்டத்தைவிட அதிகம் என்றால், அவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்கிவிடலாம். தீர்ப்பு எப்படி இருந்தாலும் இயந்திரம் ஓடும். இந்தப் பாதியோடு நிறுத்திக்கொண்டு, தீர்ப்பே முக்கியமில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. கோஸ் சொன்னது அதுவல்ல. நிஜத்தில் பேரம் பேசவே செலவாகும். அதனால்தான் உரிமையை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியமாகிறது. 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போட்டிச் சட்டம் (நிறுவனங்கள் சந்தையில் போட்டியைக் கெடுக்காமல் தடுக்கும் சட்டம்), வரி, நஷ்டஈட்டுக் கணக்கு எல்லாவற்றிலும் இந்தப் பார்வை உதவும்.

கணக்கு சுமார் என்றால் பரவாயில்லை, வெறுப்பு என்றால் யோசியுங்கள். நுண்கணிதமும் புள்ளியியலும் சீக்கிரமே வந்துவிடும். அப்புறம் பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பொருளாதார அளவையியல் இருக்கிறது.

கடைசியாக, பாடத்திட்டத்தை வாங்கி, இரண்டு துறைகளும் சந்திக்கும் தாள் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பல இடங்களில் காலையில் சட்டம், மாலையில் பொருளியல் என்று தனித்தனியாகவே ஓடும். அப்படித்தான் இருக்கிறது என்றால், சட்டப் பட்டத்தில் சேர்ந்து பொருளியலை விருப்பப் பாடமாக எடுப்பதையே நான் சொல்வேன்.