ஃபில்லிங் ஓரத்தில் பழுப்புக் கோடு: உள்ளே பல் அழுகுகிறதா?

ஓரத்தில் பழுப்புக் கோடு விழுந்தாலே பல் உள்ளுக்குள் அழுகிவிட்டது என்று அர்த்தமில்லை. காபி, டீ கறை படிந்தாலும் அப்படித்தான் தெரியும். ஈறோரம் தேய்ந்த நான்கு பற்களில் காம்போசிட் (பல் நிறத்தில் இருக்கும் பிசின் கலவை) அடைத்து ஒன்றரை வருடம் ஆகிறது, அதில் ஒன்று விழுந்துவிட்டது, "மட்டமான சிமென்ட் போட்டு ஏமாற்றிவிட்டார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். இணையத்தில் பார்த்த பிராண்டு பட்டியலை மூடி வையுங்கள். இது பிராண்டு விவகாரம் இல்லை.

காம்போசிட் நீல ஒளி பட்டு இறுகும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். கூழாக ஓடும் வகை இன்னும் கூடுதலாகச் சுருங்கும். சுருங்கும்போது பிடிப்பு எங்கே குறைவோ அங்கே இடைவெளி விடும். அடைப்பில் ஈறுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான வெளி ஓடு, இருக்கிறது. 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 நொடி தடவிக் கழுவினால் அதில் நுண்துளைகள் விழும், ஒட்டும் பிசின் அதற்குள் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஈறருகே உள்ள விளிம்பில் பெரும்பாலும் எனாமலே கிடையாது. அரித்து அரித்துப் பளபளவென்று இறுகிப்போன டென்டினில் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பகுதி) பிசின் சரியாக ஊன்ற முடியாது, போதாததற்கு ஈறின் ஈரம் வேறு. இடைவெளி விட்டு எச்சில் உள்ளே கசிவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். எந்தப் பிசின் என்பதைவிட, எச்சில் படாமல், மெல்லிய அடுக்குகளாக வைத்தார்களா என்பது முக்கியம். அடைப்பு விழுந்த பல்லுக்கு கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகை அடைப்பு பொருந்துமா என்று கேளுங்கள். அது பல்லின் கால்சியத்தோடு நேரடியாக ஒட்டும், ஈறோரத்தில் நன்றாக நிற்கும்.

தினமும் காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்துவிட்டு, உடனே பல் துலக்குவதாக ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் நின்றது அந்த வரியில்தான். வாயின் பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும், வேர்ப்பகுதி அதற்கும் முன்பே கரையும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது, தண்ணீர் கலந்தாலும் அமிலம்தான். ஃபில்லிங் அவ்வளவாகக் கரையாது, பக்கத்துப் பல் கரையும். ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், படிக்கட்டு போல் தட்டும். எலுமிச்சையை நிறுத்துங்கள். புளிப்பு எது சாப்பிட்டாலும் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள், அரை மணி நேரம் கழித்து மெதுவான பிரஷ்ஷால் துலக்குங்கள்.

பயப்பட வேண்டியது ஒன்றுதான். குளிர்ந்த தண்ணீர் பட்டுச் சுருக்கென்று கூசி உடனே அடங்கினால் அது வெறும் கூச்சம். குடித்து முடித்து அரை நிமிடம் ஆகியும் வலி அடங்காமல் இருந்தால், அல்லது எதுவும் படாமலே ராத்திரி விண்விண் என்று தெறித்தால், பல்லின் நரம்பு கெட ஆரம்பித்திருக்கலாம். அன்றைக்கே போங்கள். ஒரு வாரம் மாத்திரை போட்டுச் சமாளிப்பதற்குள் கெட்டது முழுக்கக் கெட்டுவிடலாம், சீழும் கட்டலாம்.



அப்புறம், ஃபில்லிங் விழுந்த குழியில் கிராம்பு எண்ணெய் விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதை இன்றே நிறுத்துங்கள். ஈறு புண்ணாகும். அதிலுள்ள யூஜினால் புதிய காம்போசிட்டைச் சரியாக இறுகவும் விடாது. எத்தனை நாள் விட்டீர்கள் என்பதை, அடைக்கப் போகிறவரிடம் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.