எங்கள் பங்கிலிருந்து யாரும் குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போவதில்லை. பிள்ளைகளை எப்படி ஊக்கப்படுத்துவது?

கேட்டவர் குமரி மாவட்டத்துக் குழித்துறை மறைமாவட்டத்தில் ஒரு பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின்) பேரவை உறுப்பினராம். குருவாகவோ கன்னியராகவோ ஆக வரும் அழைப்பை நினைக்கிற இறையழைத்தல் ஞாயிறுக்குப் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, சிஸ்டர்மாரை வரவழைத்துக் கருத்தரங்கு எல்லாம் நடத்தியும் பல வருடமாக ஒரு பிள்ளைகூடப் போகவில்லை, சேவை வேலைக்கும் இளைஞர்கள் வருவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். நான் தக்கலைப் பக்கம் ஒரு பங்கில் நீண்ட நாளாக மறைக்கல்வி எடுக்கிறவன். சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், திரும்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் ஊரிலிருந்து கடைசியாகக் குருமடத்துக்குப் போய் நடுவில் திரும்பி வந்த பையன் இப்போது எப்படி இருக்கிறான்? ஊர் அவனை எப்படி வைத்திருக்கிறது? போட்டி, கருத்தரங்கு எல்லாவற்றையும் விட இதற்கான பதில்தான் அடுத்த பிள்ளை போவதைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் பங்கில் ஒருவர் தத்துவப் படிப்பு முடித்துவிட்டு வெளியே வந்தார். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. 'எனக்கு இந்த வாழ்க்கை இல்லை என்று தெளிவாகிவிட்டது' என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். ஆனால் டீக்கடையில் அவர் பெயரே மாறிவிட்டது, 'சாமியாருக்குப் படிக்கப் போய் ஓடி வந்தவன்'. வேலைக்குப் போனபோதும் அந்தப் பேச்சு பின்னாலேயே போனது. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், 'என்ன தப்பு பண்ணினதுக்கு வெளிய அனுப்பினாங்க?' என்று கேட்டார்கள். அவருடைய அம்மா எப்போதும் காலைப் பூசைக்கு முன்வரிசையில் இருக்கிறவர். பிறகு இரண்டாம் பூசைக்கு வந்து, வாசல் பக்கம் நின்றுவிட்டு, முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுவார்.

இதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஊரில் அடுத்த தாய் எப்படிப் பிள்ளையை அனுப்புவாள்? அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஒரு அக்கா வெளிப்படையாகவே கேட்டார்: "எம்பிள்ளையையும் ஊர் வாயில போடச் சொல்லுதியளா?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

குருமடத்துப் படிப்பு பத்து வருடத்துக்கு மேல் நீள்வதே படிக்கிறவன் யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான். சிறிய குருமடம், கல்லூரி, தத்துவம், நடுவில் பங்கிலோ பள்ளியிலோ களப்பணி, அப்புறம் இறையியல். திருச்சபைச் சட்டப்படி 25 வயது நிறையாமல் குருவாகத் திருநிலைப்படுத்த முடியாது. யாரையும் எந்த வகையிலும் வற்புறுத்திக் குருப்பட்டம் கொடுக்கவே கூடாது என்று 1026-ஆம் சட்டம் சொல்கிறது. பெண்களுக்கும் அப்படித்தான். 17 வயது நிறையாமல் நவதுறவகத்தில் (துறவுப் பயிற்சியின் தொடக்கக் கட்டத்தில்) சேர்க்கக் கூடாது. அங்கே குறைந்தது 12 மாதம். அதன் பிறகு முதல் வார்த்தைப்பாடும் (துறவு வாக்குறுதியும்) தற்காலிகமானதுதான், நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் குறைந்தது 3 வருடம் இருக்கிறது. திருச்சபையே கதவை இத்தனை இடத்தில் திறந்து வைத்திருக்கும்போது, அந்தக் கதவு வழியாக வெளியே வந்தவனைக் குற்றவாளியாகப் பார்க்க நாம் யார்?

எங்கள் பங்கில் இது மாறியதற்குக் காரணம், புதிதாக மாற்றலாகி வந்த பங்குத்தந்தை செய்த ஒரு சின்னக் காரியம். அவர் யாரிடமும் இதைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. திரும்பி வந்தவரைக் கூப்பிட்டு, உறுதிபூசுதல் என்ற திருவருட்சாதனத்துக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கிற வகுப்பை அவர் கையில் கொடுத்தார். 'நீங்க தத்துவம் படிச்சவரு, நாங்கெல்லாம் மறந்துட்டோம்' என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்த வகுப்புப் பிள்ளைகள் அவரை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு, டீக்கடைப் பேச்சு தானாக ஓய்ந்தது. அந்த அம்மா மறுபடி காலைப் பூசைக்கு வந்தார். அதற்குப் பின்னால்தான் ஒரு பையன் குருமடத்துக்குப் போகட்டுமா என்று வீட்டில் கேட்டான். அவன் அந்த வகுப்பில் படித்தவன்.

சரி, இது பாதி. மீதிப் பாதி சேவை. கேள்வியில் இறையழைத்தலும் சமூகப் பணியும் தனித்தனியாக வந்திருக்கிறது. என் பார்வையில் இரண்டாவது இல்லாமல் முதலாவது வராது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாமியார் நோயாளிகளுக்கு நற்கருணை (பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டுபோவார் அல்லவா? பெரும்பாலான பங்குகளில் கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளையோ ஒரு சிஸ்டரோ கூடப் போவார்கள். அதற்குப் பூசையில் உதவுகிற பீடச்சிறாரில் இரண்டு பேரை முறைவைத்து அனுப்பிப் பாருங்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு எட்டாம் வகுப்புப் பையன் போனான். படுக்கையில் கிடந்த ஒரு பாட்டி நற்கருணை வாங்கிக்கொண்டு, சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும், இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்ளே, இந்தக் கால் நகத்தை வெட்டித் தருவியா? மருமவ வேலைக்குப் போயிட்டு வர ராத்திரி ஆவுது" என்று கேட்டார். நகம் தடித்து வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. பையன் முழித்தான். சாமியார் நகவெட்டியைத் தேடி எடுத்து, பாத்திரத்தில் வெந்நீர் வாங்கி, பாட்டியின் காலை ஊறவைத்து, ஒரு காலைத் தானே வெட்டிவிட்டு இன்னொரு காலை இவனிடம் விட்டார். அடுத்த மாதம் அவனாகவே நகவெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். அவன் சாமியார் ஆவானா, தெரியாது. ஆனால் சாமியார் என்றால் மேடையில் அங்கி போட்டு நிற்கிறவர் மட்டும் இல்லை என்பது அவனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் இதையே பார்த்தேன். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத நாட்கள். கடற்கரை ஊர்களின் சாமியார்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர்ப்பட்டியல் எழுதினார்கள். மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். உள்நாட்டுப் பங்குகளிலிருந்து எங்கள் இளைஞர்களும் அரிசி, துணி சேர்த்துக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலருக்கு அதுதான் ஒரு கடற்கரை ஊருக்குள் முதல் தடவை கால் வைப்பது. உள்நாடு, கடற்கரை என்று நமக்குள் இருக்கும் இடைவெளி உங்களுக்கே தெரியும், அதை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. திரும்பி வரும்போது வேனில் அவர்கள் பேசிக்கொண்டு வந்ததை எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. இதற்காக ஒரு பேரிடர் வரவேண்டும் என்று இல்லை. ஏழை வீடுகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபை உங்கள் பங்கில் இருந்தால், அவர்கள் வாராவாரம் வீடு சந்திக்கப் போகும்போது இரண்டு கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1833-இல் பாரிஸில் அந்தச் சபையைத் தொடங்கிய ஒசானாமும் கூட இருந்தவர்களும் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்தான். நம் பங்குகளில் அது ஓய்வு பெற்ற சார்மார்களின் சபையாகிவிட்டது. (சார்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அதில் இருக்கிறேன்.)

அப்புறம் பெண் பிள்ளைகள். இறையழைத்தல் என்றாலே நம் ஊரில் பையன்களைத்தான் நினைக்கிறோம். புதுக்குரு முதல் திருப்பலி என்றால் வளைவு, பேண்டு வாத்தியம், பிளக்ஸ், ஊருக்கெல்லாம் பிரியாணி. ஒரு பெண் வார்த்தைப்பாடு எடுத்தால் பூசை முடிவில் ஒரு அறிவிப்பு, ஒரு சால்வை. இதில் 'வரதட்சிணை கொடுக்க வழியில்லாமல் மடத்தில் விட்டுவிட்டார்கள்' என்ற பேச்சு வேறு. இன்றைக்கு நர்சிங் முடித்து வெளிநாடு போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற பெண்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! அந்த வழியை விட்டுவிட்டு ஒருத்தி மடத்துக்குப் போகிறாள் என்றால் அது வழியில்லாமல் எடுத்த முடிவாக இருக்க முடியாது.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் மண்ணிலேயே கதை இருக்கிறது. முளகுமூட்டுக்கு 1897-இல் பெல்ஜியத்திலிருந்து மேரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற சிஸ்டர் வந்தார், அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. அங்கே தொடங்கிய வேலையிலிருந்துதான் இன்று பல நாடுகளில் இருக்கும் மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புச் சகோதரிகள் சபை வளர்ந்தது. உலகம் முழுக்கப் போன ஒரு சபை முளகுமூட்டில் பிறந்தது என்பது முளகுமூடு பஸ்ஸில் தினமும் போகிற பிள்ளைகளுக்கே தெரியாது. மறைக்கல்வி வகுப்பை ஒரு ஞாயிறு அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். போட்டிக்குப் பரிசு வாங்குகிற செலவுதான் ஆகும்.

அதேபோல தேவசகாயம் பிள்ளை பிறந்த நட்டாலம். அவர் சாமியார்போல அங்கி போட்டவர் இல்லை, கல்யாணமான அரண்மனை உத்தியோகஸ்தர். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவரை 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தார்கள், குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினரில் முதல் ஆள். குருமடத்துக்கும் மடத்துக்கும் போகாத பிள்ளைகளும் உங்கள் பங்கில்தான் இருக்கப் போகிறார்கள். 'நீ போகவில்லை, அதனால் நீ இரண்டாந்தரம்' என்கிற மாதிரி ஒரு சொல்கூட இறையழைத்தல் ஞாயிறில் வந்துவிடக் கூடாது. அப்படி ஒரு பிரசங்கம் கேட்ட பிறகு எங்கள் இளைஞர் இயக்கத்தில் பாதிப் பேர் கொஞ்ச நாள் எட்டிப்பார்க்கவில்லை.

நடைமுறையாக இன்னும் சில. பத்தாவது முடித்த கையோடு அனுப்பச் சொல்லிச் சிலர் நெருக்குவார்கள். பிளஸ் டூ முடியட்டும் என்பேன், பிள்ளைக்குத் தன் மனம் கொஞ்சமாவது பிடிபட்டிருக்கும். விருப்பம் சொல்கிற பிள்ளையை மறைமாவட்ட இறையழைத்தல் பொறுப்பாளரிடம் பங்குத்தந்தை வழியாக அனுப்புங்கள். கோடை விடுமுறையில் நடக்கும் முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். முகாமுக்குப் போனதையே 'எங்க ஊர் சாமியார்' என்று பிளக்ஸ் அடித்துவிடாதீர்கள். ஒரே பிள்ளை இருக்கிற வீடுகள் இப்போது அதிகம். அந்த வீட்டுக்குப் போய் 'கடவுளுக்குக் கொடுங்கள்' என்று பேசுவதற்கு முன், அந்தப் பெற்றோரை வயதான காலத்தில் பங்கு எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று பேரவையில் ஒரு தடவை பேசுங்கள். இறையழைத்தலை வளர்ப்பது கிறிஸ்தவச் சமூகம் முழுவதன் கடமை என்று திருச்சபையின் 233-ஆம் சட்டம் சொல்கிறது. பிள்ளையைக் கேட்பது மட்டும் சமூகத்தின் வேலை, பெற்றோரைப் பார்ப்பது அவரவர் விதி என்றால் எந்த அப்பா சம்மதிப்பார்?

பணம் எங்கே என்று பேரவையில் கேட்பார்கள். பத்து நாள் திருவிழாக் கணக்கை எடுத்து வைத்து, வாணவேடிக்கைக்கும் கடைசி நாள் கச்சேரிக்கும் எவ்வளவு போயிருக்கிறது என்று வாசியுங்கள். முழுவதையும் நிறுத்தச் சொன்னால் ஊர் இரண்டாகும், அதைச் செய்யாதீர்கள். ஒரு நாள் கச்சேரியைக் குறைத்து, படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஒரு சக்கர நாற்காலியும் மருந்துச் செலவும் என்று ஆரம்பியுங்கள். பொறுப்பை இளைஞர்களிடமே விட்டுவிடுங்கள், கணக்கையும் அவர்களே பூசை முடிவில் வாசிக்கட்டும்.