மூன்று வருஷம் படிப்பது பல்பு மாட்டவா?

கேள்வி: என் மகன் எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டான். பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. "மூன்று வருஷம் படித்துவிட்டு பல்பு மாட்டப் போகிறானா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். உண்மையில் அங்கே என்னதான் கற்றுக்கொள்வான்? அனுப்பலாமா? (ஒரு தாய், பட்டர்வொர்த்)

பதில்: அம்மா, தாராளமாக அனுப்புங்கள். பிறை தொழிற்பேட்டையில் பல வருஷம் மின் கட்டுப்பாட்டுப் பேனல் முன்னால் நின்றுவிட்டு, இப்போது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வயர் இழுப்பதைச் சில மாதங்களில் யாரும் பழகிவிடலாம். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குத்தான் படிப்பு வேண்டும்.

ஒரு பம்ப் மோட்டாரை வைத்துச் சொல்கிறேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓடுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பயிற்சி இல்லாதவர் "மோட்டார் போச்சு" என்பார், அல்லது மோட்டாருக்குக் கரண்டை விடும் காந்த சுவிட்சான கான்டாக்டரையே மாற்றிப் பார்ப்பார். பயிற்சி பெற்ற பையன் சர்க்கியூட் படத்தை விரிப்பான். மோட்டார் ஓடுகிறதா, அப்படியானால் மெயின் சப்ளை சரி. அழுத்தினால் கான்டாக்டரின் காயில் (காந்தச் சுருள்) இழுக்கிறதா, அப்படியானால் ஸ்டாப் பட்டனும், மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயின் 95-96 எண் கான்டாக்டும் சரி. மிச்சம் இருப்பது ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாகச் சேர்ந்து, விரலை எடுத்த பிறகும் கரண்டை விடாமல் வைத்திருக்கும் 13-14 எண் ஹோல்டிங் கான்டாக்ட்தான். அங்கே வயர் கழன்றிருக்கும், இல்லையென்றால் கான்டாக்ட் கருகியிருக்கும். எதையும் கழற்றாமலே கோளாறு ஒரு மூலைக்கு வந்துவிடுகிறது. இந்த யோசனைமுறை கைவந்துவிட்டால் கன்வேயரானாலும் சரி, பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் ஓட்டும் ரோபோவானாலும் சரி, பையன் மிரளமாட்டான்.

இதற்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு. கை வைப்பதற்கு முன் கரண்ட் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் வேறொரு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில், கடைசியில் மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில். ஏன் மூன்று தடவை? நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அது "கரண்ட் இல்லை" என்றுதான் காட்டும். அதை நம்பிக் கை வைத்தவர் பிழைப்பது அதிர்ஷ்டம். நான் பரீட்சை வைக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். மூன்றில் ஒன்றை விட்டாலும் மறுபடி செய்யச் சொல்வேன்.

கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், ஃபேக்டரிக்கு வரும் மூன்று ஃபேஸ் 400 வோல்ட். 230-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட 400 வரும். மோட்டாருக்கு முதலில் குறைந்த வோல்ட்டேஜ் கொடுக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஒரு பெரிய மோட்டாரைக் கிளப்பும்போது, நேரடியாகக் கிளப்புவதைவிட லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதை ஒரு தடவை கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி) பார்த்துவிட்டால், பள்ளியில் கசந்த கணக்கும் பிடித்துப்போகும். இவற்றோடு, செய்த வேலையை மலாயிலோ ஆங்கிலத்திலோ நாலு வரியில் தெளிவாக எழுதவும் பழக்குவார்கள். அடுத்த ஷிஃப்ட் ஆள் அதைப் படித்துத்தான் வேலையைத் தொடர வேண்டும்.

வேலைக்குப் பினாங்கில் பஞ்சமில்லை. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியதிலிருந்து செமிகண்டக்டர் ஆலைகள் இங்கே வேரூன்றிவிட்டன. 1989-இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் உருவானதே இந்த ஆலைகளுக்கு ஆள் தயார் செய்யத்தான். உற்பத்தி எந்திரங்களைப் பார்க்கும் டெக்னீஷியன் ஒரு ரகம். கட்டடத்தின் மின்சாரம், ஏர்கண்டிஷன், ஜெனரேட்டரைப் பார்ப்பவர் இன்னொரு ரகம். எதில் மனம் போகிறது என்று தொழிற்பயிற்சியின்போது மகனுக்கே தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் பலர் ஏமாந்துபோகிறார்கள். டிப்ளோமா வேறு, எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா தரும் தகுதிச் சான்றிதழ் வேறு. வயரிங் வேலைக்கு வயர்மேன், மின் சாதனங்களை இயக்கிப் பராமரிக்கச் சார்ஜ்மேன் என்று பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட அந்தச் சான்றிதழ்தான் வேண்டும். ஒரு ஃபேஸுக்கும் மூன்று ஃபேஸுக்கும் வயர்மேன் சான்றிதழே தனித்தனி. சேரும்போதே, "இந்தப் படிப்பு முடித்தால் எந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு நாளுக்கு முன் மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சி போர்டுகளில் ஸ்க்ரூ தலைகளைக் கவனியுங்கள். திருகித் திருகித் தேய்ந்திருந்தால் பிள்ளைகள் தினமும் கை வைக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாம் புதுசு போலப் பளபளவென்று இருந்தால், வாரத்தில் எத்தனை மணி நேரம் பட்டறையில் நிற்கிறார்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.