அந்த அண்ணன் சாக்குச் சொல்லவில்லை, தம்பி

தம்பி, மாஸ்டர்ஸ் படிக்க மெல்பர்ன் வந்து நாலு மாசம் ஆகிறது என்கிறீர்கள். கிளேட்டனில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு. அதில் மூத்தவர், 2019இல் மாணவராக வந்தவர், வேலை நேரம் போக அறைக்கதவைத் திறப்பதே இல்லை. கேட்டால் "கோவிடுக்கு அப்புறம் நான் பழைய ஆள் இல்லடா" என்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் அப்படி இருக்குமா, இல்லை சாக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் இன்னொரு வரி: ராத்திரி போன் அடித்தால் உங்களுக்கே நெஞ்சு படபடக்கிறது, டாக்டரிடம் போனால் பிஆருக்கு, அதாவது நிரந்தரமாக இங்கே தங்கும் உரிமைக்கு, சிக்கல் வருமா என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாக்கு இல்லை தம்பி. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

மெல்பர்ன் மக்கள் ஆறு தடவையாக மொத்தம் 262 நாள் வீட்டுக்குள் இருந்தோம். 2020 ஆகஸ்டில் ராத்திரி 8 மணிக்கு ஊரடங்கு. வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கடைக்கு வீட்டுக்கு ஒருவர்தான். நாங்கள் டார்னீட்டில் இருக்கிறோம். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் அன்றைக்கு வேறு கண்டம் மாதிரி இருந்தது. இதையெல்லாம் ஊர்க்காரர்கள் எல்லாரோடும் சேர்ந்துதான் அனுபவித்தோம். பக்கத்து வீட்டு கிரேக்கப் பாட்டியும் அதைத்தான் அனுபவித்தார்.

நம்மை மாதிரி வந்தவர்களைச் சாய்த்தது பூட்டிய வீடு இல்லை, பூட்டிய வானம். வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு நம்பிக்கையில்தான் நாளை ஓட்டுகிறோம்: 'ஒன்று என்றால் நாளைக்கே டிக்கெட் போட்டுக் கிளம்பிவிடலாம்'. 2020 மார்ச் 20இல் எல்லையை மூடினார்கள். அடுத்த சில நாளில் இங்கிருந்து கிளம்பவும் அனுமதி வாங்க வேண்டும் என்றாயிற்று. உள்ளே வர விதிவிலக்கு தருகிற 'நெருங்கிய குடும்பம்' என்ற கணக்கில் பெற்ற அப்பா அம்மாவைச் சேர்க்கவே இல்லை; 2021 அக்டோபரில்தான் அதை மாற்றினார்கள். அப்பா அம்மா நெருங்கிய குடும்பம் இல்லை என்று ஒரு தாளில் படிக்கும்போது எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

இனி என் வீட்டுக்காரர் கதை. இவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, யாருக்காவது ஆகும்" என்றார்.

2021 ஏப்ரல் 25, ஆன்சாக் தினம். எம்சிஜி மைதானத்தில் 78,000 பேர் உட்கார்ந்து ஃபுட்டி, இந்த நாட்டுக் கால்பந்து, பார்த்தார்கள். இங்கே நோய் ஓய்ந்திருந்த நேரம் அது. இரண்டே நாளில், 27ஆம் தேதி, இந்தியாவிலிருந்து விமானங்கள் வருவதை நிறுத்தினார்கள். அங்கே டெல்டா அலை. மே 3 முதல், இந்தியாவில் இருந்துவிட்டு 14 நாளுக்குள் இங்கே வந்து இறங்கினால் 5 வருஷம் வரை சிறை, 66,600 டாலர் வரை அபராதம். குடியுரிமை வாங்கியவருக்கும் அதே சட்டம். மே 15 வரை அது நடப்பில் இருந்தது. மே 12 ராத்திரி மாமனார் மாரடைப்பில் போய்விட்டார்.

ஊரில் மணி பதினொன்று. இங்கே விடியற்காலை மூன்றரை. போனை எடுத்தது நான்தான்.

தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு ஆரம்பித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கொழுந்தனார்தான் கொள்ளி வைத்தார். இவர் தலைப்பிள்ளை. சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவுக்குச் சாய்த்து வைத்த போனில் எல்லாவற்றையும் பார்த்தார். அங்கே போனைப் பிடித்திருந்த பையனுக்குக் கை நடுங்கியது. பந்தல் தகரமும் யாரோ ஒருவர் முழங்கையும்தான் அதிகம் தெரிந்தன. தூக்குகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி படம் வந்தபோது பந்தலில் வெறும் பெஞ்சுதான் இருந்தது. எழுந்து போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அழவில்லை.

மூன்றாம் நாள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தேறிவிட்டார் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆகஸ்டில் ஆறாவது லாக்டவுன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் சின்ன வெங்காயம் உரித்து, கறிக்குழம்பு தானே வைக்கிற மனுஷன், சமையலறைப் பக்கமே வரவில்லை. எதற்கும் "ம்". விடிய நாலு மணிக்கு விழித்து, பிறகு பகல் பன்னிரண்டு வரை படுக்கை. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆன்லைன் பள்ளி, எனக்கு வேலை, சமையல், எல்லாம் என் தலையில். ஒருநாள் "உங்க அப்பா மட்டுமா செத்தார், ஊரே சாகுது" என்று கத்திவிட்டேன். திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அமைதியில்தான் எனக்குப் பயம் வந்தது.

எங்கள் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், போனிலேயே பேசினார். "எப்படி இருக்கிறீர்கள்" என்றதற்கு இவர் "ஐ ஆம் ஃபைன்" என்றார். பதினைந்து வருஷமாக ஆபீசில் இங்கிலீஷில் பேசுகிறவர்தான். ஆனால் 'நெஞ்சு அடைச்சே கிடக்கு' என்பதை அந்த மொழியில் சொல்ல வரவில்லை. அடுத்த தடவை மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமிழில் பேசினார். 131 450 என்ற அரசாங்கச் சேவை, தமிழுக்கும் ஆள் உண்டு. டாக்டர் மனச்சிகிச்சைத் திட்டம் ஒன்று எழுதி சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். வருஷத்துக்கு 10 அமர்வுக்கு மெடிகேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பீடு செலவில் ஒரு பகுதியைத் தரும். கோவிட் காரணமாக 2022 முடிய 20 ஆக்கியிருந்தார்கள்.

அங்கே ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். டாஸ்-21 என்று பெயர். சிட்னி நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் லவிபான்ட் என்ற ஒரே குடும்பப் பெயருள்ள ஆய்வாளர் இருவர் 1995இல் வெளியிட்ட அளவுகோலின் சுருக்கம். 21 வாக்கியம், மனச்சோர்வுக்கு ஏழு, பதற்றத்துக்கு ஏழு, மன அழுத்தத்துக்கு ஏழு. போன ஒரு வாரத்தில் எவ்வளவு பொருந்தியது என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். இவருக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை, எதிலும் நல்ல உணர்ச்சி வருவதில்லை என்கிற பக்கம் ஏறிக் கிடந்தது. பிறகு நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கு வாய் உலர்வது, கை நடுங்குவது, காரணமில்லாமல் பயப்படுவது, எதையும் விட்டு ஓய முடியாமல் இருப்பது. ஒரே வீடு, ஒரே சாவு, ஒரே லாக்டவுன். அவருக்கு ஒன்று, எனக்கு வேறு. நாம் எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். அதனால் எது வந்திருக்கிறது என்று தெரியாமலே வருஷங்கள் போய்விடுகின்றன. ஒரு விஷயம், அந்தத் தாள் நோயைத் தீர்மானிக்காது. டாக்டரிடம் பேச்சை ஆரம்பிக்க அது ஒரு பிடி, அவ்வளவுதான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2020இல் மட்டும் உலகம் முழுக்க வழக்கத்தைவிட சுமார் 5.3 கோடிப் பேருக்கு அதிகமாகத் தீவிர மனச்சோர்வும், 7.6 கோடிப் பேருக்கு அதிகமாகப் பதற்ற நோயும் வந்ததாக, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் மறு வருஷம் லான்செட் இதழில் கணக்கு வந்தது. பெண்களுக்கும் இளவயதினருக்கும்தான் அடி அதிகம்.

உங்கள் அண்ணன் அந்த இளவயதினரில் ஒருவர். அவர் எதைக் கடந்து வந்தார் என்று யோசியுங்கள். ஓட்டலிலும் கடையிலும் பார்ட்டைம் வேலை பார்த்த மாணவர்களுக்கு ஒரே வாரத்தில் வேலை போனது. ஜாப்கீப்பர் என்று இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர் கொடுத்தார்களே, அது மாணவர் விசாவுக்குக் கிடையாது. 2020 ஏப்ரல் 3 அன்று பிரதமர் ஸ்காட் மாரிசன், தங்களைப் பார்த்துக்கொள்ள வழியில்லாத மாணவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டிய நேரம் இது என்ற பொருளில் பேசினார். திரும்புவதற்கு விமானம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. விக்டோரியா அரசு 1,100 டாலர் வரை உதவியது. அது எத்தனை வாரத்துக்கு வரும்? லட்சக்கணக்கில் கடன் வாங்கி அனுப்பிய அப்பாவிடம் "நல்லா இருக்கேன்" என்று போனில் சொல்லிச் சொல்லியே பழகியவர், இன்றைக்கு உங்களிடம் ஒரு வாக்கியமாவது உண்மை சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "எல்லாருக்கும்தானே நடந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னதன் வலி எனக்குத் தெரியும். ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கதவைத் தட்டுங்கள். சாவு பற்றிய பேச்சு அவர் வாயில் வந்தால், "செத்துரலாம்னு தோணுதாண்ணே?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 13 11 14 என்ற லைஃப்லைன் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அவசரம் என்றால் 000.

இனி நீங்கள். கோவிட் காலத்தில் இங்கே இல்லாத உங்களுக்கு ஏன் ராத்திரி போன் பயம்? அன்றைக்கு ஊரில் இருந்து, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டே வளர்ந்திருக்கிறீர்கள். யார் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன்: ராத்திரியில் என் அண்ணன் எண் மட்டும்தான் ஒலிக்கும், தனி ரிங்டோன். மற்றதெல்லாம் அமைதியில். அம்மாவோடு பேச தினமும் ஒரே நேரம். அந்த ரிங்டோன் வராத ராத்திரி எல்லாம் ஒன்றுமில்லாத ராத்திரி என்று உடம்பு கற்றுக்கொள்ள எனக்கு ஏழெட்டு மாசம் ஆனது.

பிஆர் பயத்தை விடுங்கள். விசா மருத்துவப் பரிசோதனையில் முக்கியமாகப் பார்ப்பது, அந்த நோய் இந்த நாட்டுக்குப் பெரிய செலவு வைக்குமா என்பதைத்தான். பதற்றத்துக்காக ஜிபியைப் பார்த்தார், கவுன்சிலிங் போனார் என்பதற்காகவே யாரையும் தள்ளிவிடுவதில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், போதும். உங்களுக்கு மெடிகேர் கிடையாது. ஆனால் பல்கலைக்கழகத்துக் கவுன்சிலிங் இலவசம். நீங்கள் கட்டியிருக்கிற மாணவர் இன்சூரன்சில் ஜிபி செலவில் பெரும்பகுதி திரும்ப வரும்.

இவர் ஒரு வருஷம் மாத்திரை எடுத்து, டாக்டர் சொன்னபடி மெதுவாகக் குறைத்தார். 2021 நவம்பரில் எல்லை திறந்ததும், டிசம்பரில் ஊருக்குப் போனார். மாமனாரின் ஈசிசேரைத் திண்ணையில் மடித்துச் சாத்தியிருந்தார்கள். அதை விரித்துப் போட்டு, அதில் உட்காராமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஏழு மாசம் கழித்து அழுதாராம். கொழுந்தனார் போனில் சொன்னார்.

ஜிபியிடம் நேரம் குறிக்கும்போது 'லாங் அப்பாயின்ட்மென்ட்' என்று கேளுங்கள். சாதாரண நேரம் பதினைந்து நிமிஷம்தான், அதில் இதைச் சொல்லி முடிக்க முடியாது. முதல் நாள் ராத்திரியே என்ன செய்கிறது என்று தமிழில் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.