நடந்தால் மூச்சு வாங்குகிறது: இதயமா, நுரையீரலா, ரத்தமா?

கேள்வி: எனக்கு 42 வயது. எடை கூடிவிட்டதால் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் தினமும் நடக்கிறேன். ஆரம்பத்தில் ஐந்து சுற்று சுலபமாகப் போனேன். இப்போது இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது, படபடப்பும் வருகிறது. இசிஜி நார்மல் என்றார்கள். வீசிங் என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள்; அதில் ஒரு மாற்றமும் இல்லை. வீட்டிலோ, 'வெயிட் போட்டா அப்படித்தான்' என்கிறார்கள். உண்மையில் காரணம் என்ன?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஐந்து சுற்று போன உங்களால் இப்போது இரண்டு சுற்றுகூட முடியவில்லை என்கிறீர்களே, அதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். பழக்கமில்லாமல் நடக்கத் தொடங்குபவர்களுக்கு முதல் சில வாரங்கள் மூச்சு வாங்கும், நடக்க நடக்கக் குறையும். உங்களுக்கோ நாளாக ஆக அதிகமாகிறது. இதற்கு எடை மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. வீட்டில் என்ன சொன்னாலும் சரி, காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மாதவிடாயின்போது ரத்தப்போக்கு அதிகமா? கட்டி கட்டியாகப் போகிறதா? இந்த வயதில் கர்ப்பப்பைக் கட்டியால் மாதாமாதம் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். 'எல்லாருக்கும் இருப்பதுதானே' என்று பெண்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஆக்ஸிஜனைச் சுமக்க ஆள் குறைந்தால் இதயம் வேகமாக ஓடி ஈடுகட்டப் பார்க்கும். படபடப்பு அப்படித்தான் வருகிறது. அதனால் முதலில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்பு இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டினும், கூடவே தைராய்டும் பாருங்கள். செலவும் பெரிதாக இருக்காது.

ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரையோடு கதை முடிந்துவிடாது. ரத்தம் எங்கே போகிறது என்று மகளிர் மருத்துவர் பார்த்தாக வேண்டும். மாத்திரை போட்ட கையோடு காபி, டீ குடிக்காதீர்கள். இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது.

இசிஜி நார்மல் என்பதை வைத்து இதயத்தை விட்டுவிட முடியாது. உங்களைப் படுக்கவைத்துச் சில நொடித் துடிப்பைப் பதிவு செய்தது அது. நடக்கும்போது மட்டும் தலைகாட்டும் ரத்தக்குழாய் அடைப்பு அதில் தெரியாமல் போகலாம். சர்க்கரை நோய் இருக்கிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மூச்சுவாங்கலாக அது வருவதுண்டு. சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து படுத்தீர்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். அந்த ரூமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கி, பல வருடம் கழித்து இப்படி வெளிப்படும். எக்கோ எடுத்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த இன்ஹேலர். கொடுப்பதற்கு முன் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை செய்தார்களா? ஒருமுறை ஊதவைத்து, மருந்தை இழுக்கவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதவைப்போம். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமா பக்கம் சாய்வோம். இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என்னிடம் வருபவர்களை நான் மாடிப்படி ஏறச் சொல்வேன். நகப்பூச்சை அழித்துவிட்டு, விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, நானும் கூடவே ஏறுவேன். நாற்காலியில் 97 காட்டிய அளவு இரண்டு மாடி ஏறுவதற்குள் 89க்கு இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி இறங்குபவர்களில் சிலருக்கு முதுகின் கீழ்ப்பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்தால், வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். நுரையீரல் தழும்பேறுவதன் அடையாளம் அது. வீட்டில் புறா அடைகிறதா, முன்பு டி.பி. வந்ததா, எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள் என்று அப்போது கேட்பேன். பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களின் நுரையீரலையும் விறகுப்புகை கெடுத்துவிடும்.

காரணம் தெரியும்வரை மூச்சு வாங்காத வேகத்தில் மட்டும் நடங்கள். நடக்கையில் மயக்கம் வந்தாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி திடீரென்று மூச்சு வாங்கினாலோ, அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஃபுட்பால் ஆடும்போது வேகமாக ஓடினால் தொண்டையைப் பிடிப்பதுபோல இருக்கிறதாம். மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது. உட்கார்ந்தால் இரண்டு, மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இன்ஹேலர் உதவவில்லை. ஆஸ்துமாதானா?
- ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆஸ்துமாவைவிட குரல்வளை மேல்தான் எனக்குச் சந்தேகம். பயிற்சியால் வரும் ஆஸ்துமா, பெரும்பாலும் ஓடி முடித்த ஐந்து, பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். மூச்சை விடும்போது விசில் சத்தம், இருமல், தணிய அரைமணி நேரத்துக்கு மேல். உங்கள் மகனுக்கு ஓட்டத்தின் நடுவிலேயே வருகிறது, உள்ளிழுக்கும்போது சத்தம், நின்றதும் சரியாகிறது. வேகமாக மூச்சிழுக்கும்போது அகலமாகத் திறக்க வேண்டிய குரல்வளை சிலருக்குக் குறுகிவிடுகிறது. நுரையீரலின் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்து அங்கே வேலை செய்யாது.

அடுத்த முறை வந்தால் சத்தத்தோடு செல்போனில் வீடியோ எடுத்துக் கொண்டு போங்கள். ஓடவைத்து, முன்னும் பின்னும் ஊதும் பரிசோதனை செய்து பார்த்தால் ஆஸ்துமா சேர்ந்து இருக்கிறதா என்று தெரியும். வசதி உள்ள இடங்களில், ஓடும்போதே மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுக் குரல்வளையைப் பார்ப்பார்கள். அதுதான் என்று உறுதியானால், மூச்சை இழுக்கும் முறையைப் பேச்சுப் பயிற்சியாளர் கற்றுத்தருவார். அவன் சோம்பேறித்தனத்தால் உட்காரவில்லை என்று கோச்சிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.